இரண்டாம் முறை கதவைத் தட்டுகிறவர்கள்

நோயாளி மருந்தைத் தேடி அலைய வேண்டாம், மருந்தே அவரைத் தேடிப் போகட்டும் என்று தமிழக அரசு முடிவு செய்தபோது, அதைத் தொடங்கிய இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மட்டுமல்ல, இயன்முறை சிகிச்சையையும், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கான வலி தணிப்புச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது.

மாத்திரை வந்துவிடுகிறது, சரி. அதைக் கொண்டுவந்த பணியாளர் அடுத்த வீட்டுக்குப் போன பிறகு, மிச்சப் பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவரிடம் பேச்சுக் கொடுப்பது யார்?

அதே மாவட்டத்து ஓசூரில் இது சின்னக் கேள்வி அல்ல. சிப்காட் வந்து, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் பெருகி, 2019-ல் மாநகராட்சியாகவே ஆகிவிட்ட ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கிய தெருக்களில் இப்போது இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. மகனுக்கு இரவு ஷிப்ட், மருமகளுக்கு பெங்களூருவில் வேலை. ஊரைவிட்டு அவர்களோடு வந்து சேர்ந்த அம்மாவுக்கு எதிர்வீட்டுக்காரர் பேசும் மொழியே புரியாது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுவதாகவும், அதோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்கு சுமார் 8,71,000 என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-ல் கணக்கிட்டது.  

இந்தத் தனிமைக்கு என்ன செய்வது? விவிலியத்தின் நல்ல சமாரியன் கதையைக் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் அறிவார்கள். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சத்திரத்தில் சேர்த்தான் என்பதோடு பலரும் கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் சத்திரக்காரனிடம் காசு கொடுத்தவன், திரும்பி வருவதாகவும் சொல்லிவிட்டுத்தான் போகிறான். கிறிஸ்தவக் கருணையின் கடினமான பகுதி அங்கேதான் இருக்கிறது. முதல் முறை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கப் போவது எளிது. மூன்றாவது மாதமும் போவது?

திரும்பிப் போவதைக்கூட மிச்சம் வைக்காமல், நோயாளிகளுக்குப் பக்கத்திலேயே குடியேறிவிட்ட இருவர் உண்டு. கிருஷ்ணகிரியை ஒட்டிய திருப்பத்தூரில் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய மருத்துவர்கள் ச. ஜேசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும்தான் அவர்கள். பேட்டன் ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் ஆலை நடத்திய செல்வந்தர் குடும்பத்துப் பிள்ளை. கதர் உடுத்தி, எளிய உணவு உண்டு, திருமணம் செய்துகொள்ளாமல் இருவரும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். துரை என்று கூப்பிட வேண்டிய காலத்தில் பேட்டன் ‘சின்னண்ணன்’ ஆனார், ஜேசுதாசன் ‘பெரியண்ணன்’. 1932-ல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் அந்தச் சின்னண்ணனும் போலீஸ் தடியடி வாங்கினார். ஆசிரமத்துத் தேவாலயத்தையும் நம் ஊர்க் கோயில் பாணியில் கோபுரத்தோடுதான் எழுப்பினார்கள்.

எல்லோராலும் ஆசிரமம் தொடங்க முடியாது, தேவையும் இல்லை. 1839-ல் பிரான்சில் ழான் ஜூகான் என்ற ஏழைப் பணிப்பெண், கண்பார்வை இழந்த ஒரு கிழவியை வீட்டுக்கு அழைத்துவந்து தன் கட்டிலைக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ சபைதான் பெங்களூருவில் ஓசூர் சாலையில் முதியோர் இல்லம் நடத்துகிறது. இன்னும் சிறிய அளவில், கத்தோலிக்கப் பங்குகளில் மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளின் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோகும் வழக்கம் இருக்கிறது. 1833-ல் பாரிஸில் பிறந்த வின்சென்ட் தே பால் சபையினர் பெரும்பாலும் இருவர் இருவராகவே வீடு பார்க்கப் போவார்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். அடுத்த வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் வேறு சமயத்தவராகத்தான் இருப்பார். அங்கே கையில் துண்டுப் பிரசுரத்தோடு நுழைகிறவரை யாரும் ஆறுதலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சமாரியனும் அடிபட்டவனிடம் சமயம் விசாரிக்கவில்லை.

போகிறவர்கள் நோயைப் பற்றி வைத்தியம் சொல்லாமல், யாரோ இதே நோயில் இறந்த கதையை எடுக்காமல் இருந்தாலே பாதி புண்ணியம். கால் மணி நேரம் போதும். அடுத்து வரும் நாளைச் சொல்லிவிட்டு வந்தால், அவர் அந்த நாளை எண்ணிக்கொண்டிருப்பார். நோயாளியைவிடக் களைத்துப்போனவர் ஒருவர் அதே வீட்டில் இருப்பார்: இரவெல்லாம் கண்விழிக்கும் மனைவியோ மகளோ. இரண்டு மணி நேரம் அவருக்குப் பதிலாக உட்கார்ந்தால், அவர் நிம்மதியாகக் குளித்துத் தூங்கி எழுவார்.

உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவரை இந்த வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அடுத்த வாரமும் போங்கள். உங்களால் தீர்க்க முடியாத சிக்கல் என்றால், முதியோருக்கான தேசிய இலவச உதவி எண் 14567.