அன்றே பல், ஆறு மாதம் பொறுமை

முன்பல்லின் வேர் பிளந்துவிட்டது, இனிக் காப்பாற்ற முடியாது என்று பல் வைத்தியர் சொன்னால், வலியைவிட நாளைக்கு நாலு பேர் முன்னால் எப்படி வாய் திறப்பது என்ற கவலைதான் முந்திக்கொள்ளும். பல்லைப் பிடுங்கிய கையோடு அதே குழியில் இம்பிளான்ட் எனும் டைட்டானியம் திருகைப் பதித்து, தற்காலிகப் பல்லும் வைத்து அனுப்பும் முறை அந்தக் கவலையைத் தீர்க்கிறது. நல்ல முறைதான். ஆனால் எல்லா வாய்க்கும் பொருந்தாது; எலும்பைப் பொறுத்தது.

கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு இரண்டு இம்பிளான்ட் மேல் நிற்கும் பல்செட்டே முதல் தேர்வு என்று 2002இல் மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வல்லுநர்கள் கூடி அறிவித்தார்கள். அவை பதியும் கீழ்த்தாடையின் முன்புறம் எலும்பு கெட்டியானது. மேல் முன்பல்லுக்கு அந்த வசதி இல்லை. உதட்டுப் பக்கத்து எலும்பு பெரும்பாலோருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இராது. வேரைச் சுற்றிய சவ்வும் அந்த எலும்புக்கு ரத்தம் ஊட்டுவதால், பல் போனதும் எலும்பு கரையத் தொடங்கும். இம்பிளான்ட் வைப்பதால் மட்டும் அந்தக் கரைவு நிற்காது. அதனால்தான் தேர்ந்த வைத்தியர் திருகை அண்ணப் பக்கம் தள்ளிப் பதித்து, முன்னால் விடும் இடைவெளியை எலும்புத் துகளால் நிரப்புகிறார். இதில் பிசகினால் ஈறு மேலேறி, பல் நீண்டு தெரியும்.

1965இல் ஸ்வீடனில் முதல் நோயாளிக்குத் திருகு பதித்த பிரோனமார்க், அதை ஈறுக்கடியில் மாதக்கணக்கில் மூடியே வைத்தார். 1982 டொரொன்டோ மாநாட்டுக்குப் பிறகுதான் வட அமெரிக்கா அவர் முறையை ஏற்றது. இன்று, பிடுங்கிய அன்றே பல் வைத்தாலும், எலும்பு திருகோடு ஒட்ட மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை அந்தப் பல் பார்வைக்கு மட்டுமே. கடித்தால் திருகு ஆடிவிடலாம். திருகு முதலிலேயே இறுக்கமாகப் பிடிக்காவிட்டால், கழற்றி மாட்டும் பல்லோடு காத்திருப்பதே மேல். புகைப்பவர்களும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் இதை இருமுறை யோசிக்க வேண்டும்.

கனடாவின் அரசுப் பல் பராமரிப்புத் திட்டம் இம்பிளான்ட் செலவை ஏற்பதில்லை. அதனால் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள், முதலில் முப்பரிமாண ஸ்கேன் எடுத்து எலும்பைப் பாருங்கள். நிலையான பல்லை யார், எப்போது வைப்பார் என்று கேளுங்கள். திருகின் நிறுவனப் பெயரையும் அளவையும் எழுத்தில் வாங்காமல் திரும்பாதீர்கள்.