மேட்டூரில் எடுத்த தண்ணீர், இடையாற்றில் திரும்பும் தண்ணீர்

பரமத்திவேலூர் வெற்றிலை ஏலத்தில் பேச்செல்லாம் சுமைக் கணக்குதான். நூறு வெற்றிலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை. வெள்ளைக்கொடியா கற்பூரியா, இளங்காலா முதிகாலா என்று பார்த்துத்தான் விலை படியும். அகத்தியில் படரும் அந்தக் கொடிக்கு வேர் காயவும் கூடாது, தண்ணீர் தேங்கி நிற்கவும் கூடாது. அந்தப் பக்குவமான ஈரத்தை இத்தனை காலமாகக் கொடுத்து வருவது ராஜவாய்க்கால். ஜேடர்பாளையத்தில் காவிரியை மறித்து, 17-ஆம் நூற்றாண்டில் அல்லாள இளைய நாயக்கர் வெட்டியது. மேட்டூர் அணை எழுந்த 1934-க்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே இந்தப் பக்கத்தில் வாழையும் வெற்றிலையும் வாய்க்கால் பாசனத்தில் விளைந்தன. வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் வயலில் கொக்கு இறங்கும், நீர்க்காகம் கரையில் சிறகு உலர்த்தும். கொடிக்காலின் அகத்திப் பூவுக்குத் தேன்சிட்டு வரும். பயிருக்கு விட்ட தண்ணீரில் பறவைக்கும் பங்கு உண்டு.

பரமத்திவேலூருக்குப் பக்கத்திலேயே, நஞ்சை இடையாற்றில், காவிரியோடு இன்னொரு ஆறு சேர்கிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு. மலையில் தெளிவாகத்தான் இருக்கிறது. சேலம் மாநகருக்குள் நுழைந்ததும் வீட்டுச் சாக்கடையும் சாயப்பட்டறைக் கழிவும் கலக்கின்றன. சுகவனேசுவரர் கோயிலை ஒட்டி ஓடும்போதே கறுத்துவிடுகிறது. உத்தமசோழபுரம், ஆட்டையாம்பட்டி என்று கீழே போகப்போக, மழை பெய்த நாட்களில் நுரை பொங்கி வரும். கரையோரக் கிணறுகளிலும் அந்தத் தண்ணீர்தான் ஊறுகிறது. தெளிந்த ஓட்டத்தில் வாழும் மீன்களுக்கு அங்கே மூச்சு முட்டும். எதையும் தாங்கும் ஜிலேபிக் கெண்டை போன்றவை மட்டுமே மிஞ்சும். மீனை நம்பி வாழும் நீர்நாய்க்குக் காவிரியில் இடம் உண்டு, இங்கே இல்லை.

என்னை உறுத்துவது இதுதான். சேலம் குடிக்கும் தண்ணீர் மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீர். குளித்து, துவைத்து, சாயம் அலசி, அதைத் திருமணிமுத்தாற்றில் விடுகிறோம். அது இடையாற்றில் மறுபடி காவிரிக்கே போகிறது. இடையில் இருக்கும் கிராமத்து விவசாயி நாம் கெடுத்த தண்ணீரைப் பயிருக்குப் பாய்ச்சுகிறார். அதற்கும் கீழே மோகனூரும் கரூரும் திருச்சியும் அதே ஆற்றை நம்பி இருக்கின்றன.

நகருக்குள் ஆற்றின் இரு கரையிலும் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். கரை அழகானது, தண்ணீர் மாறவில்லை. ஆற்றில் விழும் ஒவ்வொரு சாக்கடை வாயையும் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்ப வேண்டும். சாயக்கழிவைப் பட்டறை வாசலிலேயே நிறுத்த வேண்டும். அந்தச் செலவைச் சேலம்தான் ஏற்க வேண்டும், ஆட்டையாம்பட்டிக் கிணற்றுக்காரர் அல்ல.