சாட்சிக் கூண்டுக்கு அப்பால்

கொலையானவரின் மனைவிக்கு நீதிமன்றத்தில் என்ன இடம்? நெடுங்காலம் வெறும் சாட்சி. வழக்கு அரசுக்கும் எதிரிக்கும் நடுவே நடக்கும். சம்மன் வந்தால் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டியதுதான். எதிரி விடுதலையானால் அப்பீல் போவதா வேண்டாமா என்பதும் பெரும்பாலும் அரசின் விருப்பம்.

2009 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம் இதை மாற்றியது. பாதிக்கப்பட்டவரோ அவருடைய வாரிசோ விடுதலையை எதிர்த்துத் தாமே மேல்முறையீடு செய்யலாம். இழப்பீடு போதாது என்றும் கேட்கலாம். தண்டனை போதாது என்று மட்டும் கேட்க முடியாது! இந்த விசித்திரம் 2024இல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியே இழப்பீடு கோரலாம். அமில வீச்சுக்கு ஆளானோருக்குக் குறைந்தது 3 லட்சம் ரூபாய் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அதில் 1 லட்சம் 15 நாட்களுக்குள்.

ஜாமீன் விஷயத்திலும் பாதிக்கப்பட்டோருக்குக் குரல் உண்டு. விவசாயிகள் இறந்த லக்கீம்பூர் கேரி வழக்கில், அவர்களுடைய குடும்பத்தார் தரப்பைச் சரியாகக் கேட்காமல் எதிரிக்குத் தரப்பட்ட ஜாமீனை 2022இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அமலில் உள்ளது. அதன்படி விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் போலீஸ் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.