உஷார்! தீப்பற்றவைக்கும் புதுச் சரக்கை ‘பேன்சி ஐட்டம்’ என்று எழுதி பார்சல் போடாதீர்கள்

மகாராஜபுரம், வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில், தீப்பற்றவைக்கும் பொருள் எதையாவது வீட்டிலோ ஷெட்டிலோ புதிதாகச் செய்து, ஆன்லைனில் ஆர்டர் பிடித்து அனுப்ப நினைப்பவரா நீங்கள்? முதல் பெட்டியை ஒட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருப்பவர் என்றால், அடுத்த பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டுப் படியுங்கள்.

தென்னை நாரையும் மரத்தூளையும் மெழுகில் முக்கி எடுத்த அடுப்புக் கட்டி, காற்றடித்தாலும் அணையாத நீளக் குச்சி, கேக்கில் குத்திப் பற்றவைக்கும் மத்தாப்பு மெழுகுவர்த்தி, தீயைக் காட்டியதுமே பொறி பறந்து பற்றிக்கொள்ளும் சாம்பிராணிக் கரி. இவற்றுக்கெல்லாம் செய்முறை கைப்பேசிக் காணொளியில் கிடைக்கிறது. நாருக்கு நம் தோப்பு, பட்டாசு மருந்து தெரிந்தவர்களுக்குப் பக்கத்தில் சிவகாசி. செய்வதில் ஒரு சிரமமும் இல்லை. புக்கிங் ஆபீசில் ‘என்ன சரக்கு?’ என்று கேட்கும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது. ‘பேன்சி ஐட்டம்’, ‘பூஜைச் சாமான்’, ‘கைவினைப் பொருள்’ என்று ஏதோ ஒன்றை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்டால், “தீப்பெட்டி மாதிரிதான் அண்ணாச்சி, தீப்பெட்டியே லாரியில் போகுதே” என்று பதில் வரும்.

தீப்பெட்டி போகிறது, உண்மைதான். அது எந்தப் பெயரில், எந்த எண்ணில் போகிறது என்று பாருங்கள். அபாயப் பொருள்களைக் கொண்டுசெல்ல ஐ.நா. வகுத்த பட்டியலில் தீக்குச்சிக்கு மட்டும் நான்கு எண்கள் இருக்கின்றன. பெட்டியின் பக்கப் பட்டையில் உரசினால் மட்டுமே பற்றும் சாதாரணக் குச்சி 1944. எந்தச் சுவரில் உரசினாலும் பற்றுவது 1331. மெழுகுக் குச்சி 1945. தழல் அதிகமில்லாமல் கடும் வெப்பத்தோடு எரியும் மருந்து பூசிய குச்சி 2254. நான்குமே 4.1 என்ற தீப்பற்றும் திடப்பொருள் பிரிவுதான். ஆனாலும் 1944 உரிய அறிவிப்போடும் உறையோடும் விமானச் சரக்கில் போகலாம், 1331 விமானத்தில் ஏறவே கூடாது. வித்தியாசம் முழுவதும் மருந்தில் இருக்கிறது. நம் ஊர்க் குச்சியின் தலையில் குளோரேட், பக்கப் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் பிரிந்தே இருப்பதால்தான் அது பாதுகாப்பான குச்சி. எங்கும் பற்றும் குச்சியிலோ பாஸ்பரஸ் சேர்மமும் தலையிலேயே இருக்கிறது. மேலே பார்த்தால் இரண்டும் குச்சிதான்.

குச்சியை விட்டு வெளியே வந்தால் பிரிவே மாறிவிடும். லைட்டர், எண் 1057, எரிவாயுப் பிரிவான 2.1. மண்ணெண்ணெய் போன்ற திரவம் ஊறிய அடுப்புக் கட்டி, எண் 2623, பிரிவு 4.1. கரி, எண் 1361, தானே சூடேறிப் பற்றக்கூடிய 4.2. கம்பி மத்தாப்பும் அதன் உறவுக்காரர்களும் நேராக வெடிபொருள் வகுப்பான ஒன்றுக்குப் போகும். அங்கேயும் ஒரே சரக்கு எப்படி உறையிடப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து 1.4ஜி என்ற உட்பிரிவும் ஆகலாம், 1.4எஸ் என்ற உட்பிரிவும் ஆகலாம். ஆக, அட்டைப்பெட்டியை மாற்றினால்கூட வகைப்பாட்டை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

புதுச் சரக்கு செய்கிறவர்கள் அதிகம் சறுக்குவது தீக்குச்சிக்கும் மத்தாப்புக்கும் நடுவில் இருக்கும் எல்லையில். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த வெடிமருந்தை மத்திய அரசு 1992-ல் தடை செய்தது. தீக்குச்சித் தலைக்கு மட்டும், இன்னும் ஓரிரு சில்லறை இனங்களுக்கு, விலக்கு உண்டு. ‘காற்றில் அணையக் கூடாது, கொஞ்சம் கலரும் வரட்டும்’ என்று தலையை நீட்டிக்கொண்டே போனால் ஏதோ ஓரிடத்தில் அது தீக்குச்சியாக இருப்பதை விட்டுவிடும். அந்த இடம் எது என்று சொல்ல உங்களுக்கும் எனக்கும் அதிகாரம் இல்லை. பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்துக்குத்தான் உண்டு. தலைமையகம் நாக்பூரில் என்றாலும் சிவகாசியிலேயே அதன் அலுவலகமும் பட்டாசு ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. அங்கே அங்கீகாரம் பெறாத வெடிபொருளை அனுப்புவது இருக்கட்டும், தயாரிப்பதே வெடிபொருள் விதிகள் 2008-ன்படி குற்றம். பட்டாசு வகை என்று ஆகிவிட்டால் ஆன்லைன் வியாபாரமும் போயிற்று. இணைய விற்பனைத் தளங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாது என்று 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

தப்பான பெயர் எழுதினால் அப்படி என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விமானத்தின் கதை. 1996 மே 11. அமெரிக்காவின் மியாமியிலிருந்து அட்லாண்டாவுக்குக் கிளம்பிய வேல்யூஜெட் 592-ன் சரக்கறையில் அட்டைப்பெட்டிகள் சில இருந்தன. பழைய விமானங்களிலிருந்து கழற்றிய ஆக்சிஜன் உருவாக்கிகள் அவற்றில் இருந்தன. ‘காலி’ என்று எழுதி ஏற்றியிருந்தார்கள். அவை காலியாக இல்லை. உள்ளே இருந்தது சோடியம் குளோரேட், நம் தீக்குச்சித் தலையில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட்டின் நெருங்கிய சொந்தம். தட்டிவிடும் ஊசிக்குப் பாதுகாப்பு மூடிகூட மாட்டவில்லை. அவற்றில் ஒன்று வேலை செய்யத் தொடங்கி, சூடேறி, மற்றதையும் பற்றவைத்து, பறக்க ஆரம்பித்த சில நிமிடங்களில் விமானம் சதுப்பு நிலத்தில் விழுந்தது. 110 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பெட்டியின் மேல் சரியான பெயர் இருந்திருந்தால் அது அந்த விமானத்தில் ஏறியே இருக்காது.

நாம் விமானத்தில் அனுப்பவில்லையே என்று சொல்லாதீர்கள். ராஜபாளையத்தில் கூரியர்காரரிடம் கொடுத்த பெட்டி தரைவழியே போகும் என்று நீங்களாக நினைத்துக்கொள்கிறீர்கள். ‘அவசரம்’ என்று சீட்டு ஒட்டியிருந்தால் அது மதுரையில் விமானம் ஏறக்கூடும். ஆம்னி பஸ்சின் அடிப்பெட்டியில் போட்டாலோ, அதற்கு நேர் மேலே நாற்பது பேர் தூங்கிக்கொண்டு போகிறார்கள். பொதிகை ரயிலில் சென்னைக்குப் போகும் உறவினர் கையில் ‘ஒரு சின்னப் பெட்டிதான் மாமா’ என்று கொடுத்தனுப்புவது எல்லாவற்றையும்விட மோசம். 2023 ஆகஸ்ட் 26 விடிகாலையில் மதுரை நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். லக்னோவிலிருந்து வந்தவர்கள் விதியை மீறி உள்ளே வைத்திருந்த எரிவாயு சிலிண்டரால் 9 பேர் செத்தார்கள். ரயிலில் அபாயப் பொருள் கொண்டுபோனால் ரயில்வே சட்டத்தின் 164-ம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அதோடு நேர்ந்த நட்டமும் உங்கள் தலையில்.

லாரிக்கு மோட்டார் வாகன விதிகள் 1989. அபாயச் சரக்கு என்றால் வண்டியில் வகுப்புச் சின்னம், அவசரத் தகவல் பலகை, அதற்கென்று பயிற்சி முடித்த டிரைவர் எல்லாம் வேண்டும். சரக்கைப் பற்றிய முழு விவரத்தையும் வண்டிக்காரருக்குக் கொடுக்கும் பொறுப்பை 131-ம் விதி அனுப்புகிறவர் மேல் வைத்திருக்கிறது. அந்த டிரைவரை நினைத்துப் பாருங்கள். ‘பேன்சி ஐட்டம்’ என்ற பில்லை நம்பி, உங்கள் பெட்டிக்குப் பக்கத்திலேயே பெயின்ட் டின்னை ஏற்றுவார், மே மாத வெயிலில் தார்ப்பாய் போட்டு மூடுவார், வழியில் புகை வந்தால் எதை ஊற்றி அணைப்பது என்று தெரியாமல் கிட்டே போவார். எனக்கு மனசு பதறுவது அந்த ஆளுக்காகத்தான்.

அப்படியானால் ஒரு புதுப் பொருள் எந்த வகை என்று எப்படித்தான் முடிவாகிறது? எரித்துப் பார்த்துத்தான். அதற்கென்று ஐ.நா. சோதனைக் கையேடு இருக்கிறது. முதலில் இது வெடிபொருளா என்ற கேள்வி. தானாக எரிய உதவும் குளோரேட், நைட்ரேட் போன்றவை கலந்திருந்தால் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் மற்றப் பிரிவுக்குப் போகவே முடியாது. தாண்டிவிட்டால், தூளையோ துருவலையோ 250 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 10 உயரம் உள்ள வரிசையாகக் கொட்டி ஒரு முனையில் பற்றவைப்பார்கள். 100 மில்லிமீட்டரைத் தீ 45 விநாடிக்குள் கடந்துவிட்டால் அது 4.1. அடுத்து வழியில் ஒரு பகுதியை நனைத்துவிட்டு, தீ அங்கே நின்றதா, தாண்டிப் போனதா என்று பார்த்து அபாய அளவைத் தீர்மானிக்கிறார்கள். உங்கள் நார்க்கட்டி வெறும் மெழுகும் மரத்தூளுமாக இருந்து மெதுவாக எரிந்தால், அபாயப் பட்டியலிலேயே வராமலும் போகலாம். நல்லதுதான். ஆனால் அதைச் சோதனைத் தாள் சொல்ல வேண்டும்.

கரி செய்கிறவர்கள் கூடுதல் உஷாராக இருங்கள். கப்பலில் போகும் கரியில், சோதனையில் தேறியதற்கு விலக்குக் கொடுத்துவந்த வழக்கம் முடிந்துவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் தூத்துக்குடியிலோ வேறு துறைமுகத்திலோ ஏறும் எந்தக் கரியும் அபாயப் பொருள் என்ற அறிவிப்போடுதான் போக வேண்டும். பழைய சான்றிதழைக் காட்டி ஏஜென்ட் யாராவது ‘பார்த்துக்கலாம்’ என்றால் நம்பாதீர்கள். உடனே பற்றும் சாம்பிராணிக் கரியில் நைட்ரேட் கலந்திருந்தால் அது வெறும் கரிக் கணக்கிலும் அடங்காது.

இன்னொரு தில்லுமுல்லும் நடக்கிறது. பாதுகாப்புத் தகவல் தாள் கேட்டால், இணையத்தில் வேறு எவரோ போட்ட தாளை இறக்கி, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தாளின் 14-ம் பகுதிதான் போக்குவரத்து வகைப்பாடு. அது அவர் சரக்கின் கலவைக்கு எழுதியது. உங்கள் கலவை வேறு. உங்கள் கலவையிலேயே எண்ணெயைக் கூட்டினாலும் மருந்தை மாற்றினாலும் முந்தைய முடிவு செல்லாது.

நம் ஊருக்கென்று ஒரு கவலையும் உண்டு. அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி போகிறவர்கள் மகாராஜபுரம் தாண்டித்தான் தாணிப்பாறைக்குப் போகிறார்கள். மலையடிவாரத்தில் வனத்துறையினர் பையைத் திறந்து தீப்பெட்டி, பீடி என்று தேடி எடுக்கிறார்கள். பார்க்க மரத்துண்டு போலிருக்கும் உங்கள் கட்டியில் ‘தீப்பற்றும் பொருள்’ என்று அச்சடித்திருக்காவிட்டால், அது புலிகள் காப்பகத்துக்குள் போய்விடும். கோடையில் அந்த மலை எரிந்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். கலவையில் என்னென்ன, எத்தனை சதவீதம் என்று ஒளிக்காமல் எழுதுங்கள். குளோரேட், நைட்ரேட் போன்ற மருந்து எதுவும் கலந்திருந்தால் செய்வதை அப்படியே நிறுத்திவிட்டு, அந்தத் தாளோடு சிவகாசி வெடிபொருள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போங்கள். மருந்து இல்லை என்றால், அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் மேலே சொன்ன ஐ.நா. கையேட்டுச் சோதனைகளைச் செய்வார்களா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும் வரை ஒரு பெட்டிகூட வெளியே போக வேண்டாம். அஞ்சல் பார்சலில் எப்போதுமே வேண்டாம். மாதிரியைக் கொண்டுவரச் சொன்னால், எவ்வளவு, எந்த உறையில், எந்த வண்டியில் என்று முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு சிவகாசி பஸ்சில் ஏறிவிடாதீர்கள்.