பூட்டு இலவசம், சாவி நம் பொறுப்பு

போன மாதம் எந்த ஊரில் விற்பனை சரிந்தது? எந்தச் சரக்கு கிடங்கில் தேங்கிக் கிடக்கிறது? விடை நிறுவனத்தின் தரவுத்தளத்திலேயே இருக்கும். அதை எடுத்து விளக்கப்படமாகக் காட்டும் மென்பொருள்களுக்கு ‘பிசினஸ் இன்டெலிஜென்ஸ்’ என்று பெயர், சுருக்கமாக பி.ஐ. டேப்லோ, பவர் பி.ஐ. போன்றவற்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சந்தா கட்ட வேண்டும். ஐந்து பேருக்குக் கட்டுப்படியாகும். ஐந்நூறு பேர் என்றால் கையைக் கடிக்கும்.

அதனால்தான் பல நிறுவனங்கள் திறமூல மென்பொருள் பக்கம் திரும்புகின்றன. அவற்றில் பெயர்பெற்றது அப்பாச்சி சூப்பர்செட். 2015-ல் ஏர்பிஎன்பி நிறுவனத்துக்குள் நடந்த ஹேக்கத்தானில் மாக்சிம் போஷ்மன் என்ற பொறியாளர் தொடங்கிய வேலை அது. பனோராமிக்ஸ், கேரவல் என்றெல்லாம் பெயர் மாறி, இன்று அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் வளர்கிறது. உரிமக் கட்டணம் கிடையாது. மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம்.

திரையில் ‘நகரம்’, ‘மொத்த விற்பனை’ என்று மவுசால் தேர்ந்தெடுத்தால், சூப்பர்செட் அதைத் தரவுத்தள மொழியான எஸ்.க்யூ.எல். கேள்வியாக எழுதித் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. கூட்டிக் கழிப்பது தரவுத்தளம். வரும் விடையைப் படமாக வரைவது சூப்பர்செட். ஆகவே படம் வரத் தாமதமானால், முதலில் தரவுத்தளத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது பாதுகாப்பு. உள்ளே நுழைந்தவர் யார் என்று அடையாளம் காண, பயனரின் பிரவுசருக்கு சூப்பர்செட் ஒரு குக்கீ, அதாவது சிறு அடையாளத் துணுக்கு, தருகிறது. அந்தக் குக்கீ போலியல்ல என்பதற்கு, ஒரு ரகசியச் சாவியால் கையொப்பமிடுகிறது. நிறுவுபவர்கள் மாற்றிக்கொள்வார்கள் என்று நம்பி, மூல நிரலில் ஒரு மாதிரிச் சாவியை வைத்திருந்தார்கள். பலர் மாற்றவே இல்லை. இணையத்தில் திறந்து கிடந்த சுமார் 3,000 சூப்பர்செட் சர்வர்களில் மூன்றில் இரண்டு பங்கு, ஊரறிந்த சாவிகளோடு ஓடுவதை 2023-ல் ஹொரைசன்3 என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. சாவி தெரிந்தவர் நிர்வாகி பெயரில் போலிக் குக்கீ தயாரித்து உள்ளே போய்விடலாம். 2.1 பதிப்பிலிருந்து, மாதிரிச் சாவியை மாற்றாவிட்டால் சர்வர் கிளம்பவே மறுக்கிறது.

உரிமக் கட்டணம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் சர்வர் செலவு, பேக்கப், பதிப்பு மாற்றம், யாருக்கு எந்தத் தரவைக் காட்டலாம் என்ற வரையறை எல்லாம் நம் தலையில் விழுகின்றன. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதையும் நாமேதான் முடிவுசெய்ய வேண்டும். திரும்பி வந்த சரக்கைக் கழித்துவிட்டு விற்பனையைச் சொல்வதா, கழிக்காமலா? விற்பனைப் பிரிவும் கணக்குப் பிரிவும் இதில் ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த மென்பொருளும் அந்தச் சண்டையைத் தீர்க்காது.

இறங்க நினைப்பவர்கள் ஒரே ஒரு கேள்விக்கான டாஷ்போர்டோடு (விளக்கப்படத் திரையோடு) தொடங்குங்கள். அதைப் பராமரிக்க ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். அவருடைய சம்பள நேரத்தையும் செலவில் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், சந்தா கட்டுவதே மலிவு.