கோட்டைக்கு வழி மறித்த பூந்தமல்லி!

சென்னீர்குப்பத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்களே, பக்கத்து ஊர் பூந்தமல்லி ஒரு காலத்தில் வெள்ளைக்காரனையே ஆட்டி வைத்த கதை தெரியுமா?

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரிகளின் கையெழுத்துக் கடிதங்களும் குறிப்புகளும் 1670-களில் இருந்து கட்டுக்கட்டாக இருக்கின்றன. துணி விலை, கப்பல் வரவு, பணத் தகராறு எல்லாம் இறகுப் பேனாவில்!

அப்போது பூந்தமல்லி சீமை கோல்கொண்டா சுல்தானுக்குச் சொந்தம். கோட்டைக்குக் குத்தகை வருஷம் 1,200 வராகன். "போதாது, இன்னும் எடு" என்ற கதையாக நின்றார் பூந்தமல்லி அதிகாரி லிங்கப்பா. கவர்னர் மாஸ்டர் (1678–81) மசியவில்லை. விட்டாரா லிங்கப்பா? சென்னைக்குச் சரக்கு போகாமல் மறித்துவிட்டார்!

லண்டன் முதலாளிகளுக்கு எழுதிக் கேட்கலாம்தான். ஆனால் பாய்மரக் கப்பலில் கடிதம் போய்ச் சேரவே ஆறு மாதத்துக்கு மேல். பதில் வருவதற்குள் வருஷம் ஓடிவிடும். அதுவரை கோட்டைக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான்!