நட்சத்திர மீனும் கடல்நீரின் அமிலத் தன்மையும்

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கடல் உட்கொள்கிறது. அது நீருடன் கூடிக் கார்பானிக் அமிலமாகிறது. முன்னர் 8.2 ஆக இருந்த மேற்பரப்பு நீரின் பி.எச். அளவு இன்று 8.1-ஐ ஒட்டியுள்ளது. நீர் காரத்தன்மையை இழக்கவில்லை. எனினும், சுண்ணகம் அமைய வேண்டிய கார்பனேட் குறைகிறது.

நட்சத்திர மீனின் சுண்ணத் தகடுகளில் மக்னீசியம் மிகுதி. ஆதலின் அவை எளிதில் கரையும். வட அமெரிக்கப் பசிபிக் கரையில், பாறைகளைச் சிப்பிகள் முற்றும் கவராமல் தடுப்பது பைசாஸ்டர் என்னும் இனம். கரியமில வாயு மிகுந்த நீரில் வளர்த்த அதன் இளம் உயிர்கள், 2009-இல் வெளிவந்த ஆய்வின்படி, விரைந்து வளர்ந்தன. உடலின் சுண்ணப் பங்கோ குறைந்தது. ஆகவே, உருவம் பெருத்தமை கொண்டே உயிர் நலமுற்றது எனத் துணிதல் ஆகாது.